பளபளப்புக்கு வெளிச்சம் மட்டும் போதாது, இருட்டும் வேண்டும்

எவர்சில்வர் பாத்திரங்களை இணையத்தில் விற்பவர்கள் போடும் படங்களைக் கவனித்துப் பாருங்கள். சொம்பின் வயிற்றில் ஜன்னல் தெரியும், மின்விசிறி தெரியும், கைப்பேசியைப் பிடித்திருக்கும் கையும் தெரியும். சொம்பைத்தான் தேட வேண்டியிருக்கும். இதற்கு விலை உயர்ந்த கேமரா மருந்தல்ல. ஒளி எப்படித் திரும்புகிறது என்பது புரிந்தால் கைப்பேசியே போதும்.

மண்பானையில் விழும் ஒளி அதன் சொரசொரப்பில் பட்டு நாலாபக்கமும் சிதறுகிறது. எங்கே நின்று பார்த்தாலும் பானையின் நிறம் நம்மை வந்து சேர்கிறது. மெருகேற்றிய எவர்சில்வரில் இந்தச் சிதறல் மிகக் குறைவு. ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ, அதே கோணத்தில் மறுபக்கம் திரும்பிப் போய்விடும். ஆகவே சொம்பின் ஒவ்வொரு புள்ளியும் அறையின் ஏதோ ஒரு மூலையைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஃபிளாஷ் போட்டால் ஒரு வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் கருப்பும் விழுவது இதனால்தான். பொட்டு ஃபிளாஷின் பிம்பம், கருப்பு இருண்ட அறையின் பிம்பம்.

அப்படியென்றால் விளக்கைச் சொம்பின் மேல் அடித்துப் பயனில்லை. சொம்பு எதை எதிரொளிக்கிறதோ அதற்குத்தான் ஒளியூட்ட வேண்டும். ஃபில் ஹன்டரும் பால் ஃபுக்வாவும் 1990-ல் வெளியிட்ட ‘லைட்: சயன்ஸ் அண்ட் மேஜிக்’ என்ற நூல் இதைக் ‘கோணக் குடும்பம்’ என்ற கருத்தாக விளக்கியது. கேமராவிலிருந்து கோடு இழுத்து, பொருளில் பட்டுத் திரும்பும் எல்லாக் கோடுகளும் எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள். அந்த இடம் முழுவதையும் அடைக்கிற அளவுக்கு ஒரு பெரிய ட்ரேசிங் பேப்பரைத் தொங்கவிட்டுப் பின்னாலிருந்து விளக்கைப் போட்டால், உலோகம் அந்த வெண்மையை வாங்கிக்கொள்ளும்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. சிறிய விளக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்தால் மண்பானையின் மேல் விழும் வெளிச்சம் கால் பங்காகிவிடும். சொம்பில் தெரியும் விளக்கின் பிம்பமோ சிறுக்குமே தவிர மங்காது! கண்ணைக் கூசவைக்கும் பொட்டு இன்னும் சிறிய, அதே அளவு கூசவைக்கும் பொட்டாகும். அதனால் விளக்கைத் தள்ளி வைப்பது உலோகத்துக்குத் தீர்வாகாது. அதே ஒளியைப் பெரிய பரப்பில் பரவவிடுவதே வழி.

பொருளின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். நேரான டம்ளரைச் சற்று மேலேயிருந்து எடுத்தால் அதன் உடம்பில் பெரும்பாலும் தெரிவது மேசைதான். முன்னால் ஒரு வெள்ளைத் தாளை விரித்தாலே பாதி வேலை முடிந்தது. உருண்டையான சொம்பில் கேமராவை நோக்கித் திரும்பிய ஒரு புள்ளி எப்போதும் இருக்கும். அங்கே கேமரா தெரியாமல் இருக்க முடியாது. தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் அந்தப் பிம்பம் கடுகளவாகிவிடும்.

பலர் வழுக்கும் இடம் இனிமேல்தான். சொம்பைச் சுற்றி நாலாபுறமும் வெள்ளைத் துணிக் கூடாரம் போட்டுவிடுகிறார்கள். பிம்பங்கள் மறைந்துவிடும், கூடவே உலோகமும் மறைந்துவிடும். மிஞ்சுவது சாம்பல் நிற பிளாஸ்டிக் போன்ற ஏதோ ஒன்று. பளபளப்பு என்பது வெண்மைக்கும் கருமைக்கும் இடையில் திடீரென விழும் எல்லை என்பதே என் எண்ணம். கூடாரத்துக்குள் பக்கவாட்டில் ஒரு கருப்பு சார்ட் அட்டையைப் பட்டையாக வெட்டி நிறுத்துங்கள். சொம்பின் விளிம்பில் கருங்கோடு ஓடும், வளைவு தெரியும், எவர்சில்வர் எவர்சில்வராகும். விளக்கு வாங்கும் காசில் சிறிதளவை முதலில் கருப்பு அட்டைக்குச் செலவிடுங்கள் என்பேன்.

கண்ணாடியின் கதை வேறு. 1808-ல் பாரிஸின் லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார் எத்தியென் லூயி மாலுஸ். படிகத்தைத் திருப்பத் திருப்ப, அதில் தெரிந்த இரு பிம்பங்களின் பிரகாசம் மாறியது. எதிரொளிப்பால் ஒளி தளவிளைவு அடைகிறது, அதாவது அதன் அதிர்வு ஒரே தளத்துக்குள் ஒடுங்குகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. 1815-ல் டேவிட் ப்ரூஸ்டர் அதற்கான கோண விதியைச் சொன்னார். சாதாரணக் கண்ணாடிக்கு அந்தக் கோணம் ஏறக்குறைய 56 டிகிரி. அந்தக் கோணத்திலிருந்து எடுக்கும்போது, ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசரை லென்ஸின் முன் பொருத்திச் சுழற்றினால் கண்ணாடியின் கூச்சம் அணைந்துவிடும். உலோகத்தின் பிரதிபலிப்பு அப்படி அணையாது. அது ஒளியை அந்த அளவுக்குத் தளவிளைவு செய்வதில்லை.

தஞ்சாவூர் ஓவியத்தை எடுப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் சந்திக்கிறார்கள். மேலே கண்ணாடி, உள்ளே மெல்லிய தங்கத் தகடான ரேக். விளக்குகளின் முன்னாலும் போலரைசர் தாள் பொருத்தி, லென்ஸில் உள்ளதை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் கண்ணாடியின் கூச்சம் முழுக்கப் போய், சிவப்பும் பச்சையும் ஆழமாகத் தெரியும். ஆனால் இம்முறை விளக்கின் ஒளியே தளவிளைவு அடைந்து வருவதால், தங்கத்தின் பிரதிபலிப்பும் சேர்ந்து போய் ரேக் கருத்துப்போகும். கேமராவை அசைக்காமல் இரண்டு படம் எடுப்பதே சரி: வண்ணங்களுக்காக இப்படி ஒன்று, பிறகு போலரைசர்களைக் கழற்றி, முடிந்தால் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, தங்கம் எதிரொளிக்கும் இடத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து இன்னொன்று. இரண்டையும் கணினியில் சேர்க்கும்போது, ரேக்கின் அடியில் சுண்ணாம்புக் கலவையால் எழுப்பிய புடைப்புகள்கூடத் துல்லியமாகத் தெரியும்.