இழுப்பது எளிது, நிறுத்துவதுதான் வேலை

மே மாதம் பிறந்தால் ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் குளிர் எட்டிப் பார்க்கும். ஓய்வு பெற்றவர்களும் நீண்ட விடுப்பு எடுத்த குடும்பங்களும் வெயிலைத் தேடி வடக்கே கிளம்புவார்கள். முன்னால் ஒரு ஃபோர்வீல் டிரைவ் ஜீப், பின்னால் படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அடங்கிய காரவன். வடக்கிலுள்ள கிம்பர்லிப் பகுதியில் சுமார் 660 கிலோமீட்டர் நீளும் கிப் ரிவர் சாலையின் சரளைக்கல் தடத்தில்கூட இப்படிப்பட்ட வண்டிகளைப் பார்க்கலாம்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது இன்ஜினைப் பற்றித்தான். அங்கே பெயர்பெற்ற டொயோட்டா லேண்ட்குரூசர் 300-ஐ எடுத்துக்கொள்வோம். 3.3 லிட்டர் டீசல் இன்ஜின், 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 3,500 கிலோ வரை இழுக்க அனுமதி. இந்த இன்ஜினுக்குக் காரவனை இழுப்பது பெரிய வேலையே இல்லை. பின்னால் வருவதை நேராக ஓடவைப்பதும், வேண்டிய இடத்தில் நிறுத்துவதும்தான் சவால். இரண்டையும் தீர்மானிப்பது எடையும், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும்.

காரவனின் மூக்கு, வண்டியின் பின்னாலுள்ள 50 மில்லிமீட்டர் எஃகுக் குண்டின் மேல் அமர்கிறது. காரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்தக் குண்டை அழுத்த வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாரவண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல: முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும். 3,500 கிலோ காரவன் என்றால் குண்டின் மேல் 350 கிலோ.

அந்த 350 கிலோவும் வண்டி சுமக்கும் சரக்காகவே கணக்கில் சேரும். லேண்ட்குரூசர் 300 எல்லாம் சேர்த்து 3,280 கிலோவைத் தாண்டக் கூடாது. வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் சுமப்பதற்கு மிஞ்சுவது சுமார் 700 கிலோ. அதில் பாதியைக் குண்டு எடுத்துக்கொள்கிறது. மீதியில் நான்கு பேர், இரும்பு பம்பர், கூரை கேரியர், குளிர்பெட்டி, கருவிப்பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். பலருக்கு வரம்பு மீறுவது இங்கேதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. குண்டு இருப்பது பின் அச்சின் மேல் அல்ல. அதற்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் பின்னால். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.85 மீட்டர். அதனால் பின் அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடுகிறது. குண்டின் மேல் 350 கிலோ வைத்தால் பின் அச்சில் கூடுவது கிட்டத்தட்ட 500 கிலோ. முன் அச்சில் குறைவது 150 கிலோ. வண்டியைத் திருப்புவது முன்சக்கரங்கள். பிரேக் போடும்போது பெரும்பங்கு வேலையும் அவற்றுடையதே. அவற்றின் பிடிமானம்தான் தளர்கிறது.

பின்புறம் தாழ்ந்திருப்பதைப் பார்த்ததும் ஸ்பிரிங்கோடு காற்றுப்பை பொருத்திவிடுகிறார்கள். வண்டி மட்டமாகிவிடும், ஆனால் முன் அச்சில் குறைந்த எடை திரும்பி வராது. லீஃப் ஸ்பிரிங் உள்ள பிக்கப் வண்டிகளில் காற்றுப்பை சேஸிஸின் ஒரே இடத்தில் சுமையைக் குவிப்பதால், அதிக பாரத்தோடு குண்டும்குழியுமான பாதையில் ஓடி சேஸிஸே வளைந்துபோன சம்பவங்கள் உண்டு. எடையை முன்னுக்குத் தள்ள வேண்டுமானால், காரவனின் சட்டத்துக்கும் குண்டின் அடிப்பகுதிக்கும் இடையே விறைப்பான ஸ்பிரிங் கம்பிகளை மாட்டும் வேறொரு ஏற்பாடு இருக்கிறது. தார்ச்சாலைக்கு அது நல்லது. ஆழமான பள்ளங்களில் இறங்கி ஏறும் காட்டுப் பாதையில் அந்தக் கம்பிகளைக் கழற்றிவிடுவது வழக்கம்.

குண்டின் மேல் எடை போதாமல் போனால் ஆபத்து வேறு வகை. காரவன் வாலாட்டத் தொடங்கும். குறைந்த வேகத்தில் அந்த ஆட்டம் தானே அடங்கிவிடும். ஒரு வேகத்தைக் கடந்துவிட்டால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். கனமான பொருள்களைக் காரவனின் இரு முனைகளிலும் வைத்தால், ஆடத் தொடங்கியதை நிறுத்துவது இன்னும் கடினம். அதனால்தான் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி போன்றவற்றை அச்சை ஒட்டி, தாழ்வாக வைக்கிறார்கள். அச்சுக்கு முன்னால் தொட்டி இருந்தால், தண்ணீர் செலவாகச் செலவாகக் குண்டின் மேலுள்ள எடையும் குறைந்துகொண்டே வரும். காலையில் சரியாக ஓடிய காரவன் மாலையில் ஆடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பிரேக்குக்கு வருவோம். ஆஸ்திரேலிய விதிப்படி 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் தானாகவே பிரேக் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். காரவன்களில் பெரும்பாலும் மின்சார பிரேக்தான். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் பக்கச்சுவரில் ஒட்டி, அதோடு கொஞ்சம் இழுபடும். அந்த இழுப்பு ஒரு நெம்புகோலைத் தள்ள, பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும்.

எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்திலுள்ள சிறிய கருவி முடிவு செய்கிறது. வண்டி எவ்வளவு வேகமாக மட்டுப்படுகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப மின்சாரத்தை அனுப்பும். அதில் கையால் இயக்கும் பொத்தான் ஒன்றும் உண்டு. காரவன் வாலாட்டினால் மிதி பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, இந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். காரவன் மட்டும் பின்னுக்கு இழுக்கும். இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும்.

கரடுமுரடான பாதை வேறு சில தேவைகளைக் கொண்டுவரும். வண்டி ஒரு பக்கமும் காரவன் மறுபக்கமும் சாயும்போது சாதாரணக் குண்டு இணைப்பு ஓரளவுக்குத்தான் திரும்பும். அதற்காகவே 360 பாகை சுழலும் இணைப்புகள் விற்கின்றன. மணலில் மெதுவாக, பாரத்தோடு ஏறும்போது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகலாம். கூடுதல் ஆயில் கூலர் அங்கே உதவும். டயர் காற்றைக் குறைத்து, வேகத்தையும் குறைத்தால் மணலில் புதைவதும் குறையும், சரளைத் தட அதிர்வும் தணியும்.

புதைந்த வண்டியை மீட்க இழுபட்டையை மட்டும் இந்தக் குண்டில் மாட்டவே கூடாது. திடீர் வெட்டிழுப்பைத் தாங்க அது செய்யப்படவில்லை. அப்படி முறிந்து பறந்த குண்டுகள் கண்ணாடியைத் துளைத்து ஆஸ்திரேலியாவில் உயிர்களைப் பறித்திருக்கின்றன. மீட்பதற்கென்றே சேஸிஸில் பொருத்தும் கொக்கிகள் தனியாக உண்டு.

எந்தச் சாமானை வாங்குவது என்று கடை ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை லாரி எடைமேடைக்குப் போவது நல்லது. தொட்டிகளை நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, முன் அச்சு, பின் அச்சு, காரவன் என மூன்றையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும். எங்கே பாரம் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பாதி வேலை சாமான்களை இறக்கி வைப்பதிலேயே முடிந்துவிடும்.