கொல்லிமலையில் பருவம் தவறினால் இழப்பை யாரிடம் கேட்பது?

மரவள்ளிக் கிழங்கு பிடுங்கச் சில வாரங்களே இருக்கும்போது, காய்ந்து கிடந்த காட்டில் எதிர்பாராத மழை இறங்குகிறது. செடி சாயவில்லை, கிழங்கு அழுகவில்லை. பார்வைக்குக் காடு பச்சென்று இருக்கும். ஆனால் புதுத் தளிர் விடுவதற்காக, கிழங்கில் சேர்த்துவைத்த மாவைச் செடி திரும்ப எடுத்துக்கொள்ளும். கிழங்கில் நீர் ஏறும். சேந்தமங்கலம், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மாவுச்சத்தின் 'பாயிண்ட்' பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். பாயிண்ட் இறங்கினால் விலையும் இறங்கும். பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருந்த வருமானத்தில் ஒரு பகுதி இப்படிப் போய்விடுகிறது. அரசின் எந்த நிவாரணப் பட்டியலிலும் இந்த இழப்புக்குப் பெயர் கிடையாது.

கொல்லிமலையில் பருவம் மாறுவது பெரும்பாலும் இப்படித்தான் தெரிகிறது. காப்பிக்கு மாசி, பங்குனியில் பூ மழை வர வேண்டும். அது தள்ளிப்போனால் பூ ஒன்றுபோல் விரியாது, காயும் ஒன்றுபோல் பிடிக்காது. மிளகுக் கொடிக்குக் கோடை முடிவில் கிடைக்கும் மழைதான் சரம் விடவைக்கும். அதே மழை நாள் கணக்கில் நின்று வேரில் நீர் தேங்கினால் வாடல் நோய் வந்து, காய்த்த கொடி சில நாளில் கருகும். அறுவடை நேரத்தில் காற்றோடு மழை வந்தால் சாமை சாய்ந்து மணி கொட்டிவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் சிதறிக் கிடக்கும் இழப்புகள் இவை. தொலைக்காட்சியில் வராது, கணக்கெடுப்பிலும் எளிதில் வராது.

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் மழை நாட்கள் கூடாமலே கொட்டும் மழையின் வேகம் கூடுகிறது. இடையில் வறட்சியும் நீள்கிறது. 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு 2024. அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. புயல் கரையைக் கடந்த மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். புயல் என்றால் கரையோரத்தின் கவலை என்று உள்நாட்டு மலைகள் இனி இருக்க முடியாது.

இந்த மலைக்கென்று ஒரு பழைய காப்பீடு இருந்தது. மலையாளி பழங்குடி மக்கள் சாமையிலேயே கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திரிகுலச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று பல ரகங்களைக் காத்துவந்தார்கள். சில ரகம் சீக்கிரம் விளையும், சில ரகம் ஐந்தாறு மாதம் நிற்கும். மழை முன்னே வந்தாலும் பின்னே போனாலும் ஏதாவது ஒன்று வீடு வந்து சேரும். கேழ்வரகிலும் தினையிலும் இதே கதைதான். மரவள்ளி வந்தது, கையில் காசும் வந்தது, தானியக் காடுகள் சுருங்கின. அதில் விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பச் சாமை போதவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரே பயிரை நம்பியபோது ஆபத்தும் ஒரே இடத்தில் குவிந்தது. இந்தியாவில் 2020-இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவிலேயே சேலம், நாமக்கல் வயல்களுக்கு வந்தது. வறண்ட வெப்பம் நீண்டால் அந்தப் பூச்சி பெருகும். அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட வேண்டியிருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களுக்காக வேலை செய்துவருகிறது. ஊர் விதை வங்கிகளும் அதன் பயன். விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் விவசாயிக்கு உள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உறுதி செய்கிறது. வழிவழியாகக் காத்த ரகத்தை ஊரின் பெயரிலேயே பதிவு செய்யவும் அதில் இடம் உண்டு.

இப்போது பணமாகக் கிடைக்க வேண்டியதைப் பார்ப்போம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடப்பில் இருக்கிறது. உணவுப் பயிருக்குக் காரிஃப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமும் ரபி பருவத்தில் 1.5 சதவீதமும், மரவள்ளி போன்ற தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரையும் விவசாயி கட்டினால் போதும். மீதியை அரசுகள் கட்டுகின்றன. ஆனால் உங்கள் பிர்க்காவும் உங்கள் பயிரும் அந்தப் பருவத்தின் அறிவிக்கையில் இருக்க வேண்டும். விதைக்கும் முன்பே செம்மேட்டில் உள்ள வேளாண், தோட்டக்கலை அலுவலர்களிடம் இதைக் கேட்டுவிடுங்கள். பிரீமியத்தை இ-சேவை மையத்திலோ வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கட்டலாம். கட்டிய ரசீதில் சர்வே எண்ணும் பயிரின் பெயரும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உடன் அழைத்துப் போவதில் வெட்கம் வேண்டாம். பயிரின் பெயர் மாறிப் பதிவானால் பின்னால் இழப்பீடு நின்றுபோகும்.

ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேக வெடிப்பு போன்றவற்றால் உங்கள் வயல் மட்டும் அழிந்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். 14447 என்ற கட்டணமில்லா எண்ணிலோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ வங்கியிலோ வேளாண் அலுவலகத்திலோ சொல்லலாம். மலையில் புயல் மழைக்குப் பிறகு மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் ஒருசேர நின்றுபோகும், சாலையில் மண் சரிந்து கிடக்கும். 72 மணி நேரம் என்பது சமவெளியை மனதில் வைத்து எழுதிய கெடு. ஆகவே சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு யாராவது ஒருவர் போய் ஊரில் பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் அழைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் புகார் எண் வாங்கிக்கொள்வதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஊர் முழுக்க விளைச்சல் குறைந்தால் தனித்தனியாகத் தெரிவிக்கத் தேவையில்லை. அறுவடைப் பரிசோதனை நடத்தி, அந்தப் பகுதியின் சராசரியை வைத்து இழப்பைக் கணக்கிடுவார்கள். மலை விவசாயிக்கு அநீதி நடப்பது இங்கேதான். மலையின் ஊர்த் தொகுதிகளை நாடு என்பார்கள்; வளப்பூர் நாட்டில் கொட்டும் மழை குண்டூர் நாட்டில் தூறலாக முடியலாம். ஒரு சரிவில் பயிர் போயிருக்க, அடுத்த சரிவில் நன்றாக விளைந்திருக்கும். இரண்டையும் கூட்டி வகுத்தால் இழந்தவருக்கு ஒன்றும் வராது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மழைமானி வேண்டும், ஒவ்வொரு நாட்டையும் தனி அலகாக எடுக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். குடியரசு நாள், மார்ச் 22, மே 1, சுதந்திர நாள், அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. எழுத்தில் பதிவான தீர்மானத்தை மாவட்ட ஆட்சியர் மேசையில் வைத்துப் பேச முடியும்.

காப்பீடு இல்லாதவருக்கும் பேரிடர் நிவாரணம் உண்டு. மத்திய உள்துறை 2022–26 காலத்துக்கு வகுத்த விதிகளின்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் அழிந்தால் மானாவாரி நிலத்துக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000, காப்பி, மிளகு போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500 என்று இரண்டு எக்டேர் வரை கணக்கு. மலைப்பகுதியில் வீடு முழுதாக இடிந்தால் 1,30,000 ரூபாய், குடிசைக்கு 8,000. கறவை மாடு இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000. உயிரிழப்புக்கு 4 லட்சம். மின்னல் தாக்கி இறந்தாலும் நிவாரணம் கோரலாம். இடிந்த சுவரை உடனே அள்ளிவிடாதீர்கள்; நான்கு பக்கமும் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுதிய பிறகு அள்ளுங்கள். மாடு, ஆடு இறந்தால் கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் புதைக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சிக்கல் நிலத்தின் காகிதம். சிட்டாவும் அடங்கலும் இல்லாமல் காப்பீடும் நிவாரணமும் நகராது. மலையில் பல குடும்பங்களுக்குப் பட்டா இன்னும் தாத்தா பெயரில், அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவாகக் கிடக்கிறது. வாரிசுச் சான்று வாங்கி, உட்பிரிவு செய்து பெயர் மாற்றும் வேலையை மழை இல்லாத மாதங்களில் முடித்துவிடுங்கள். உழுவது காட்டு நிலமென்றால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உங்களுக்கானது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து பயிரிட்டுவரும் பழங்குடிக் குடும்பம் 4 எக்டேர் வரை உரிமை கேட்கலாம். பட்டா இல்லையே என்று தயங்க வேண்டாம்: பழைய குடும்ப அட்டை, வனத்துறை போட்ட அபராத ரசீது, கட்டிய வரப்பு, முன்னோரைப் புதைத்த இடம், ஊர்ப் பெரியவர் எழுத்தில் கொடுக்கும் வாக்குமூலம் எல்லாம் விதிகள் ஏற்கக்கூடிய சான்றுகள். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். மனு முதலில் போக வேண்டியது கிராம சபைக்கு. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மனு முடிவாகும் வரை அந்த நிலத்திலிருந்து உங்களை யாரும் வெளியேற்ற முடியாது. உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் தமிழ்நாட்டில் 2016 வரை உரிமைப் பத்திரங்கள் முடங்கிக் கிடந்தன. இழந்த அந்த ஆண்டுகளைச் சொல்லி வருந்துவதைவிட, இன்னும் மனுவே போடாத குடும்பங்களைத் தேடிப் போவது அவசரம்.

இதே சட்டம் ஊற்று, ஓடை, நீர்ப்பிடிப்புக் காடு ஆகியவற்றைக் காக்கும் அதிகாரத்தையும் கிராம சபைக்குத் தருகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஏதும் இல்லாததால், பிற மாநிலப் பழங்குடி ஊர்களுக்குள்ள தனிப் பாதுகாப்பு கொல்லிமலைக்குக் கிடையாது. அதனால் கையில் உள்ள இந்த அதிகாரம் இன்னும் முக்கியமாகிறது. விடுதி கட்டுவதற்காக இயந்திரம் வைத்துச் சரிவை வெட்டினால், மேலே வெட்டுபவருக்கு லாபம், கீழே குடியிருப்பவருக்கு ஆபத்து. நிலத்தில் புது விரிசல், மரங்கள் ஒருபக்கமாகச் சாய்வது, தெளிந்து வந்த ஊற்று திடீரென்று கலங்குவது, கதவு சட்டத்தில் இறுகுவது இவையெல்லாம் மண் நகர்கிறது என்பதற்கான அடையாளங்கள். கனமழை இரவில் இவற்றைக் கண்டால் விடியும்வரை காத்திருக்காமல் வெளியேறி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-இல் அழையுங்கள். காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுப் பாதை அடைபட்டால் ஆம்புலன்ஸ் வருவதும் தாமதமாகும். பிரசவ நாள் நெருங்கிய பெண்களை ஐப்பசி அடைமழைக்கு முன்பே கீழே உறவினர் வீட்டிலோ மருத்துவமனைக்கு அருகிலோ தங்கவைப்பது உயிர் காக்கும்.

பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் அடிப்படை உரிமையோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில், கானமயில் பறவை தொடர்பான வழக்கில் கூறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு நாளைக்கே பணம் கொண்டுவராது. ஆனால் அதிகாரி கைவிரிக்கும்போது நீதிமன்றத்தில் நின்று பேச ஒரு பிடிப்பு. காப்பீட்டுத் தொகை வராவிட்டால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவிடம் மனு கொடுக்கலாம். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் எழுப்பலாம். மனுவுக்குப் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதற்கும் அசையவில்லையென்றால் வழக்கறிஞர் செலவுக்குப் பயந்து நிற்க வேண்டியதில்லை. பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வெள்ளம், வறட்சி போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. நேரில் போவதென்றால் நாமக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. போகும்போது மனுவின் நகல், பிரீமிய ரசீது, புகார் எண், படங்கள் நான்கையும் எடுத்துச் செல்லுங்கள்.