பூங்காவிற்குத் தோழர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே அமைந்த ஒரு வட்டாரப் பூங்காவில் அறுபது பேர் கூடியிருக்கிறார்கள். எல்லாருடைய கைகளிலும் புதிய கையுறைகள், புதிய மண்வெட்டிகள். இரண்டு மணி நேரத்தில் அழகான பூச்செடிப் பாத்தி ஒன்று உருவாகிவிடுகிறது. அனைவரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு மகிழ்ச்சியோடு கலைந்து செல்கிறார்கள்.

ஆறு மாதங்கள் கழித்து அதே இடத்திற்குச் சென்றால் வேறொரு காட்சியைக் காண நேரலாம். பாத்தியில் களை மண்டிக் கிடக்கிறது. திறந்தபடி விடப்பட்ட பூவாளியில் மழைநீர் தேங்கியிருக்கிறது. அந்த நீரில் கொசுப்புழுக்கள் நெளிகின்றன. அன்று வந்த அறுபது பேரில் எவரும் தீங்கு நினைக்கவில்லை. அடுத்த வாரம் யார் வருவது என்பதை மட்டும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இழுத்த தேரை நடுத்தெருவில் விட்டுவிடக் கூடாது. அது நிலைக்கு வந்து சேர வேண்டும். பூங்காவைப் பேணும் தொண்டூழியக் குழுவுக்கும் இது பொருந்தும். குழுவைத் தொடங்குவது எளிது. அதைத் தொடர்ந்து நடத்துவதுதான் கடினம். நீடித்து நிலைக்கும் ஒரு குழுவை எவ்வாறு அமைக்கலாம்?

பூங்கா யாருடைய பொறுப்பு?

1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அன்றைய பிரதமர் திரு லீ குவான் இயூ ஒரு மரக்கன்றை நட்டு, சிங்கப்பூரின் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1971ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் மரம் நடும் நாள் கொண்டாடப்படுகிறது. ஆயினும், நட்ட மரங்களுக்கு நீர் ஊற்றுவதும் கிளைகளைக் கழிப்பதும் பெரும்பாலும் அரசாங்க ஊழியர்களின் பணியாகவே இருந்தன. மக்கள் நிழலை அனுபவித்தார்கள். பராமரிப்பை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள்.

இந்நிலை படிப்படியாக மாறியது. 2005ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக் கழகம் குடியிருப்பாளர்களே உருவாக்கிப் பேணும் சமூகத் தோட்டங்களுக்கான திட்டத்தைத் தொடங்கியது. இன்று தீவெங்கும் 1,500க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உள்ளன. 2016ஆம் ஆண்டில் 'பூங்காக்களின் நண்பர்கள்' என்னும் பொருள்படும் திட்டம் அறிமுகமானது. பூங்காவைப் பயன்படுத்துவோரே அதன் பொறுப்பிலும் பங்குகொள்ள வேண்டும் என்பது இதன் நோக்கம். ஊழியர்களின் வேலையைத் தொண்டூழியர்கள் இலவசமாகச் செய்துகொடுப்பது இதன் பொருளன்று. ஊழியர்களால் செய்ய இயலாத ஒன்றை அவர்கள் செய்கிறார்கள்; பூங்காவிற்கு நாள்தோறும் வந்து, அதன் மாற்றங்களைக் கவனித்து, அண்டை அயலாரோடு பேசுகிறார்கள்.

முதலில் கண்களும் காதுகளும்

புதிய குழு உடனே மண்வெட்டியைத் தேட வேண்டியதில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து, ஒரு மாதம் பூங்காவைக் கவனித்தாலே போதும். விடியற்காலையில் யார் வருகிறார்கள்? பள்ளி முடிந்த பிறகு யார்? ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் யார்? ஒவ்வொரு வேளையிலும் பூங்கா வெவ்வேறு மனிதர்களுடையது. காலையில் மெதுநடை செல்லும் முதியோர், மாலையில் பந்து விளையாடும் சிறுவர்கள், விடுமுறை நாளில் புல்வெளியில் அமர்ந்து உண்ணும் வெளிநாட்டுப் பணிப்பெண்கள், நாயுடன் உலவுவோர், மிதிவண்டியில் செல்வோர் எனப் பலர் வந்துபோகிறார்கள்.

இவர்களுடைய தேவைகள் ஒன்றுக்கொன்று முரண்படக்கூடும். நிழல் வேண்டும் என்று ஒருவர் கேட்பார். இலைகள் விழுந்து பாதை வழுக்குகிறது என்று மற்றொருவர் சொல்வார். குழுவினர் இருவர் பேச்சையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பூங்காவின் எளிய வரைபடம் ஒன்றை வரைந்து, நீர் தேங்கும் இடம், இருட்டான மூலை, குப்பை சேரும் இருக்கை ஆகியவற்றைக் குறித்தால் செய்ய வேண்டிய பணி தானாகவே தெளிவாகும்.

அனுமதி ஏன் தேவை?

நல்ல செயலுக்கும் அனுமதி கேட்க வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். பூங்கா பொது இடம். அங்குள்ள செடிகளை அனுமதியின்றி வெட்டுவதற்கோ பறிப்பதற்கோ சட்டம் இடமளிப்பதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத காரணங்களும் உண்டு. மண்ணுக்கடியில் மின்கம்பிகளும் நீர்க்குழாய்களும் செல்லலாம். ஒரு தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றிப் பூச்செடி வைப்பது அழகாகத் தோன்றும். ஆனால், மரத்திற்கு நீரையும் சத்துகளையும் உறிஞ்சித் தரும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவியிருக்கின்றன. அங்கே ஆழமாகத் தோண்டினால் பெரிய மரமும் நலிவடையும்.

ஆகவே, பூங்காவை நிர்வகிப்பது தேசியப் பூங்காக் கழகமா, நகர மன்றமா என்பதை முதலில் அறிய வேண்டும். பிறகு, என்ன செய்ய விரும்புகிறோம், எந்த இடத்தில், எத்தனை பேர், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆகிய விவரங்களை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். கடைசி விவரத்தையே அதிகாரிகள் மிகவும் கூர்ந்து நோக்குவார்கள். தொடர முடியாத திட்டம் பின்னர் அவர்கள் தலையில்தான் விழும்.

சிறிய வேலை, தவறாத வேலை

முதல் ஆண்டிற்கு ஒரே ஒரு பணியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒரு பாத்தியைப் பேணுதல், ஒரு பாதையைத் துப்புரவாக வைத்திருத்தல், பறவைகளைக் கணக்கெடுத்தல் போன்ற பணிகளுள் ஒன்றாக அது இருக்கலாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, இரண்டு மணி நேரம் என்று நாளையும் நேரத்தையும் வரையறுத்துவிட்டால், வருவோர் மற்ற வேலைகளை அதற்கேற்பத் திட்டமிடுவார்கள். பன்னிரண்டு பேர் ஆண்டு முழுவதும் வருவது, அறுபது பேர் ஒருநாள் வருவதைவிடப் பயனுள்ளது.

பொறுப்புகளையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஒருங்கிணைப்பாளர், ஒருவர் வரவு செலவைக் கவனிப்பவர், ஒருவர் கருவிகளுக்குப் பொறுப்பானவர், ஒருவர் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவர். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160க்கும் மேற்பட்ட நாள்களில் இடிமழை பெய்கிறது. இடி முழங்கத் தொடங்கியதும் அனைவரையும் கூரையுள்ள இடத்திற்கு அழைத்துச் செல்வது பாதுகாப்புப் பொறுப்பாளரின் கடமை. பாதி நட்ட கன்றுகள் காத்திருக்கட்டும்.

கருவிப் பொறுப்பாளரின் பணி சிறியதாகத் தோன்றலாம். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, இருபது காசு நாணயத்தின் அளவே தேங்கிய நீரிலும் முட்டையிடும். முட்டை முழுக்கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரமே போதும். எனவே, பணி முடிந்ததும் பூவாளிகளையும் வாளிகளையும் கவிழ்த்து வைக்காத ஒரு குழு, தான் அழகுபடுத்த வந்த இடத்திற்கே நோயைக் கொண்டுவந்துவிடும். மாதம் ஒருமுறை மட்டும் கூடும் குழுவுக்கு, இடைப்பட்ட வாரங்களில் சுற்றிவந்து பார்க்க ஒருவர் தேவை.

கருத்து வேறுபாடு எழும்போது

குழு என்றால் கருத்து வேறுபாடு இருக்கும். எலுமிச்சைச் செடியின் இலைகளைப் புழுக்கள் தின்றுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மருந்து தெளிக்கலாம் என்பார் ஒருவர். அவை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள், விட்டுவிடலாம் என்பார் இன்னொருவர். எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளின் இலைகளை உண்டு வளரும் வண்ணத்துப்பூச்சி இனங்கள் உண்மையிலேயே உள்ளன. செடியும் வேண்டும், வண்ணத்துப்பூச்சியும் வேண்டும் என்றால், இரண்டு செடிகளைப் புழுக்களுக்கென ஒதுக்கிவிடலாம். குரல் உயர்ந்தவர் வெல்வதைவிட இத்தகைய உடன்பாடு குழுவை ஒன்றாக வைத்திருக்கும்.

இதைவிடக் கடினமான சூழல், குழுவுக்கு வெளியே இருப்பவரோடு ஏற்படும் வேறுபாடு. நாள்தோறும் புறாக்களுக்கு ரொட்டி போடும் ஒரு பாட்டியைக் குழுவினர் காண்கிறார்கள். வனவிலங்குச் சட்டத்தின்படி இது குற்றம். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து, முதன்முறை பிடிபடுவோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். தொண்டூழியர் சட்டத்தைச் சொல்லி அவரை அதட்டினால், பாட்டி வேறொரு மூலைக்குச் சென்று ரொட்டி போடுவார். அவருக்குத் தேவை புறாக்கள் அல்ல. பேச்சுத் துணையாக இருக்கலாம். தொண்டூழியர் அவர் அருகில் அமர்ந்து நலம் விசாரிக்கலாம். ரொட்டித் துண்டுகள் எலிகளையும் ஈர்க்கின்றன, அபராதமும் விழக்கூடும் என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். அடுத்த சனிக்கிழமை பறவைகளை எண்ண வருமாறு அழைக்கவும் செய்யலாம். எல்லா நேரமும் இது பலிக்கும் என்று கூற முடியாது. ஆயினும், சீருடை அணியாத அண்டை வீட்டாருக்கே இப்படிப் பேசும் வாய்ப்பு கிடைக்கிறது.

குறிப்பேட்டின் வலிமை

தொண்டூழியர்கள் செய்த வேலை சில நாள்களில் மறைந்துவிடும். களை மீண்டும் முளைக்கும். குப்பை மீண்டும் சேரும். எழுதிவைத்த விவரம் மறைவதில்லை. சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டிலிருந்து நடைபெறும் அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு நடவடிக்கையில், தொண்டூழியர்கள் குப்பையைப் பொறுக்குவதோடு நிற்பதில்லை. எந்த வகைக் குப்பை எத்தனை என்பதையும் எண்ணி எழுதுகிறார்கள். பூங்காக் குழுவும் இவ்வாறு செய்யலாம். ஓர் இருக்கைக்கு அருகில் மட்டும் மாதந்தோறும் உணவுப் பொட்டலங்கள் கிடப்பதாகக் குறிப்பேடு காட்டினால், அங்கே தேவைப்படுவது அறிவுரைப் பலகையன்று, ஒரு குப்பைத்தொட்டி.

பதிவுகள் எவ்வளவு தூரம் உதவக்கூடும் என்பதற்குப் புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா சான்றாகும். 2001ஆம் ஆண்டில் அங்கு நிலமீட்புப் பணி நடைபெறவிருந்தது. கடல் வற்றும் நேரங்களில் ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் அங்குச் சென்று, வாழும் உயிரினங்களைக் கண்டறிந்து பதிவு செய்தார்கள். அந்த இடத்தின் அருமை மக்களுக்குத் தெரியவந்தது. பலர் தங்கள் கருத்துகளை அரசாங்கத்திற்குத் தெரிவித்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் நிலமீட்புப் பணி தள்ளிவைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 'இந்த இடம் அழகானது' என்று மட்டும் சொல்லியிருந்தால் அது ஒரு விருப்பமாகவே இருந்திருக்கும். இங்கே இன்னின்ன உயிர்கள் வாழ்கின்றன என்று காட்டியதால் அது சான்றாயிற்று.

சாவி யாரிடம்?

பெரும்பாலான குழுக்கள் சண்டையால் கலைவதில்லை, களைப்பால் கலைகின்றன. எல்லாவற்றையும் ஒருவரே செய்துகொண்டிருப்பார். அவர் வீடு மாறிச் சென்றாலோ நோய்வாய்ப்பட்டாலோ குழு நின்றுவிடும். மாணவர் குழுக்களில் இது இன்னும் விரைவாக நேர்கிறது. இவ்வாண்டு ஆர்வத்தோடு உழைக்கும் மாணவர்கள் அடுத்த ஆண்டு தேர்வுக்குத் தயாராக வேண்டும். அதற்கடுத்த ஆண்டு பள்ளியிலேயே இருக்கமாட்டார்கள். ஆகவே, ஒவ்வொரு பொறுப்பையும் இருவர் அறிந்திருக்க வேண்டும். மூத்தவர் ஒருவரோடு இளையவர் ஒருவர் இணைந்து பணியாற்றினால், விலகுபவர் தம் அனுபவத்தையும் உடன் எடுத்துச் சென்றுவிடமாட்டார்.

ஒரு குழு நிலைக்குமா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. கருவிகளை வைத்துப் பூட்டும் அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். "அவரிடம்தான், அவர் இன்று வரவில்லை" என்று விடை வந்தால், அந்தத் தேர் இன்னும் நடுத்தெருவில் நிற்கிறது. "இவரிடமும் ஒன்று இருக்கிறது" என்று விடை வந்தால், அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பூங்காவில் பூவாளிகள் நிறையும். வேலை முடிந்ததும் கவிழ்த்து வைக்கப்படும்.