துருக்கி நாட்டிற் சமயச் சார்பின்மை

சமயச் சார்பின்மை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன், அரசு வேறு, சமயம் வேறு எனப் பிரிந்து நிற்றலையே பலருங் கருதுவர். இக்கொள்கையை 1937இல் தன் அரசியலமைப்பிற் பொறித்த துருக்கியின் வரலாற்றை நோக்குவார்க்கு, அதன் பொருள் அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

1924ஆம் ஆண்டு மார்ச் 3ஆந் திகதி, முஸ்தபா கமாலின் தலைமையில் இயங்கிய துருக்கியத் தேசிய சபை கலீபாப் பதவியை ஒழித்தது. அதே நாளிற் சமய அலுவல்களுக்கென ஓர் அரச திணைக்களத்தையும் நிறுவியது. இமாம்கள் அரசின் நியமனம் பெறுவோராயினர். எனவே ஆங்கு நிகழ்ந்தது பிரிவினையன்று. சமயம் அரசின் ஆட்சிக்கு உட்பட்டமையே எனலாம்.

தொடர்ந்து வந்த சீர்திருத்தங்கள் யாவும் ஒரே தன்மையனவல்ல. 1926இற் சுவிற்சர்லாந்துச் சட்டத்தைத் தழுவிய குடியியற் சட்டம் பலதார மணத்தைத் தடுத்தது. 1928இல் இலத்தீன் எழுத்து வந்தது. 1934இற் பெண்கள் பாராளுமன்ற வாக்குரிமை பெற்றனர். மணச்சட்டம் கிராமங்களில் உடனே வேரூன்றவில்லை. இமாம் முன்னிலையில் மட்டும் மணந்து, பதிவு செய்யாது வாழ்ந்தோர் பலர். அவர்தம் பிள்ளைகளுக்குச் சட்டவுரிமை வழங்க, 1933 முதலாகப் பலமுறை தனிச்சட்டங்கள் இயற்றவேண்டியதாயிற்று. ஆயினும் பின்வந்த எந்த அரசும் இம்மூன்றினையும் நீக்கவில்லை.

வழிபாட்டினுள் நுழைந்த ஆணையின் கதி வேறு. 1932 முதற் பாங்கு துருக்கிய மொழியிலேயே சொல்லப்படவேண்டியதாயிற்று. 1941இல் அரபுப் பாங்கு தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1950 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. அடுத்த மாதமே அத்தடை நீங்கிற்று. தடையை விதித்த கட்சியும் அந்நீக்கத்தை எதிர்த்து நிற்கவில்லை. மக்களுக்கு உரிமையொன்றை அளித்த சட்டம் தாமதித்தேனும் நிலைத்தது. அவர்தம் தொழுகையின் மொழியை மாற்ற முயன்ற சட்டம் பதினெட்டாண்டுகளில் மறைந்தது.

இன்னுமொன்று சிந்தித்தற்குரியது. கடிவாளம் அதைப் பிடித்தவர் விரும்பிய திசைக்கே குதிரையைத் திருப்பும். இராணுவ ஆட்சியின்கீழ் உருவான 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சமயச் சார்பின்மையைப் பேணிக்கொண்டே, பாடசாலைகளிற் சமயக் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. சமயத்தை அடக்குதற்கு அமைந்த அதிகாரம், அதனைப் பரப்புதற்கும் அவ்வாறே பயன்படும். ஆதலின் ஓர் அரசு சமயச் சார்பற்றதா என ஆராய்வார், அது சமயத்தை எவ்வளவு ஒடுக்கிற்று என்று வினவுதல் போதாது. சமயத்தை ஆளும் அதிகாரத்தை எவ்வளவு தூரம் கைவிட்டது என்றே வினவுதல் வேண்டும்.