இதயத்தைச் சூழ்ந்த கொழுப்பும் மாரடைப்பு அபாயமும்

எக்கோ பரிசோதனை அறிக்கையில் இதயத்தின் மேல் கொழுப்புப் படலம் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருந்தால், நோயாளியும் குடும்பத்தினரும் அஞ்சுவதுண்டு. இக்கொழுப்பு அனைவருக்கும் இயல்பாகவே உள்ளது. இதயத் தசைக்கும் அதன் வெளியுறைக்கும் இடையே அமைந்து, தசைக்கு எரிபொருள் அளித்து, இரத்தக்குழாய்களுக்கு மெத்தைபோல் உதவுகிறது. எனவே அக்குறிப்பு ஒரு நோயின் பெயர் அன்று.

கொழுப்பு மிகும்போது நேர்வது என்ன?

இதயத்திற்கு இரத்தம் அளிக்கும் கரோனரி தமனிகள் இக்கொழுப்பினூடேதான் செல்கின்றன. இடையில் தடுப்புச் சவ்வு எதுவும் இல்லை. அளவு மிகுந்த கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அவை தமனிச் சுவரை நேரடியாகச் சென்றடைந்து, உட்புறம் படிவுகள் உருவாகத் துணைபுரிகின்றன. ஆயினும் எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் ஆபத்து என்பதற்கு உலகளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லை இல்லை. இதனை அளப்பதற்கென்றே தனியாகப் பணம் செலவிட்டு ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள அளவு நாடாவே போதிய எச்சரிக்கை தரும்.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளந்து பார்க்கவும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அளவைத் தாண்டினால், உள்ளுறுப்புகளைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. கைகால்கள் மெலிந்து வயிறு மட்டும் பருத்திருப்பது நம் மக்களிடையே மிகுதி. எடை சரியாக உள்ளது என்பதால் மட்டும் இவர்கள் நிம்மதி அடைதல் கூடாது.

அமர்ந்தே செய்யும் தொழில்

வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி வேலை செய்வோர் பலர் பல மணி நேரம் தரையில் அமர்ந்தே பணிபுரிகின்றனர். மாலையில் உடல் அசந்துபோவதால், போதிய உழைப்பு கிடைத்துவிட்டதாகத் தோன்றும். கைகள் உழைத்தனவே தவிர, இதயம் வேகமாக இயங்கவில்லை. வாரத்தில் 5 நாள்கள், நாளொன்றுக்கு 30 நிமிடம் விரைந்து நடக்கவும். உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் குறையும்போது இதயத்தைச் சூழ்ந்த கொழுப்பும் குறைகிறது. விருதுநகரின் புகழ்பெற்ற எண்ணெய்ப் பரோட்டாவை அறவே விலக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. அன்றாட இரவு உணவாக்காமல் எப்போதாவது உண்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். புகையிலையை, மெல்லும் வகையையும் சேர்த்து, முற்றிலும் கைவிட வேண்டும்.

சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரைகளை இடையில் நிறுத்தக் கூடாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவை இல்லத்திற்கே வந்து வழங்கப்படுகின்றன.

உடனடியாகச் செயல்பட வேண்டிய நேரம்

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மேல்வயிற்று வலியாகவோ மிகுந்த சோர்வாகவோ மட்டும் வெளிப்படலாம். வாயுத் தொல்லை எனக் கருதி சோடா அருந்திக் காத்திருக்க வேண்டாம். 108 எண்ணை அழைக்கவும். 2023-இல் தொடங்கப்பட்ட இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் பரிசோதித்தபின் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகள் முதல் தவணையாக அளிக்கப்பட்டு, நோயாளி பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார்.