வாத்தியார் கை எதுவரை நீளலாம்?

‘‘கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு, மிச்சத்தை உரிச்சு எடுத்துடுங்க சார்!’’

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நம்ம ஊர் அப்பாக்கள் தவறாமல் சொல்லும் மங்கல வாக்கியம் இது. என்னமோ கசாப்புக் கடையில் ஆர்டர் கொடுக்கிற மாதிரி! வாத்தியாரும் ‘ஆகட்டும், செஞ்சுடலாம்’ என்று பெருந்தன்மையோடு தலையாட்டுவார். பையன் பாவம், இருவரையும் மாறி மாறிப் பார்ப்பான்.

சிறுசேரியில் இந்த வாக்கியம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சிப்காட் ஐ.டி. பூங்காவில் செக்யூரிட்டியாக இருக்கும் ஒருவர் டீக்கடையில் என்னிடம் சொன்னார்: ‘‘காலையில டியூட்டிக்குப் போனா ராத்திரிதான் வீடு. சம்சாரமும் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போயிடுது. பையன் எவன் கூடச் சுத்தறான், என்ன பண்றான்னு எனக்கென்ன தெரியும்? வாத்தியாருதான் பாத்துக்கணும். நாலு போட்டாக்கூட நான் ஏன்னு கேக்க மாட்டேன்.’’

பெஞ்சின் மறுகோடியில் இருந்தவர் எகிறினார். ‘‘அதெப்படிங்க? எம் பொண்ணை எல்லார் முன்னாடியும் ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னுடுச்சு. அதை யாரு கேக்கறது?’’

இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால், நடுவில் மத்தளம் மாதிரி மாட்டிக்கொண்டிருப்பவர் வாத்தியார்!

‘அந்தக் காலத்துல வாத்தியாருக்கு முழு அதிகாரம் இருந்துச்சு’ என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு சமாசாரம். அந்தக் காலத்திலும் இல்லை! தமிழ்நாடு கல்வி விதிகளில் 51வது விதி என்று ஒன்று உண்டு. வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசமாகப் பேசுவது அல்லது நடப்பது, அப்பட்டமாகக் கீழ்ப்படிய மறுப்பது போன்ற குற்றங்களுக்கு மட்டும்தான் பிரம்படி. அதுவும் கையில்தான். ஆறு அடிக்கு மேல் கூடாது. அடிப்பவர் தலைமையாசிரியராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். கணக்குத் தப்பாகப் போட்டதற்காக முதுகில் விழுந்த அடியெல்லாம் அன்றைக்கே விதிக்குப் புறம்பானதுதான். நமக்குத்தான் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம்!

2003ல் அந்த விதி திருத்தப்பட்டு, ஆறு அடியும் போயிற்று. 2009ல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் அமலான கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு, உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. முட்டி போட வைப்பது, பெஞ்ச் மேல் நிற்க வைப்பது, காதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வது எல்லாமே உடல் தண்டனைதான் என்கிறது தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தச் சொல்லி 2024ல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவு போட்டது. ‘மாடு மேய்க்க’ அனுப்பும் வசனமும் இதோடு சேர்ந்து போக வேண்டியதுதான். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

ஆனால், கேளம்பாக்கம் பக்கம் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்ட கேள்விக்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை.

‘‘அடிக்கறதுல எனக்கும் இஷ்டமில்லைங்க. நாப்பது பேர் இருக்கற வகுப்புல ஒருத்தன் எழுந்து விசிலடிக்கறான். நான் செய்யக்கூடாதது எதுன்னு பெரிய பட்டியலே இருக்கு. என்ன செய்யலாம்னு சொல்ல எங்க ஸ்கூல்ல ஒருத்தரும் இல்லையே? டைரியில எழுதக்கூட பயமா இருக்கு.’’

அவர் பயம் வெறும் பயமல்ல. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். டைரியில் அவர் எழுதிய குறிப்புகள்தான் கோபத்துக்குக் காரணம் என்று செய்திகள் வந்தன.

வகுப்பறைக்குள்ளேயே இந்தக் குழப்பம் என்றால், கேட்டுக்கு வெளியே? 2023 நவம்பரில் கெருகம்பாக்கத்தில், பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போன பள்ளி மாணவர்களை ஒரு நடிகை இறக்கி அடித்தார். போலீஸ் அவரைக் கைது செய்தது. ‘சபாஷ்’ என்றவர்களும் உண்டு, ‘இவர் யார் அடிக்க?’ என்றவர்களும் உண்டு. ‘அந்தப் பையன்களின் வாத்தியார் எங்கே?’ என்றும் சிலர் கேட்டார்கள். நாலரை மணிக்கு மேல் ஓ.எம்.ஆர். சாலையில் நின்று பஸ் பஸ்ஸாக எண்ணிக்கொண்டிருக்க அவரால் முடியுமா?

இங்கிலாந்தில் 2006ல் வந்த ஒரு சட்டம், பள்ளிக்கு வெளியே மாணவர் நடத்தையையும் நியாயமான அளவுக்குக் கட்டுப்படுத்தத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அமெரிக்காவில் கதை வேறு. சியர்லீடர் குழுவில் எதிர்பார்த்த இடம் கிடைக்காத ஒரு மாணவி, வார விடுமுறையில் பள்ளியைக் கெட்ட வார்த்தையில் திட்டி ஸ்நாப்சாட்டில் போட்டாள். பள்ளி அவளைக் குழுவிலிருந்து ஒரு வருஷம் நீக்கியது. 2021ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ‘பள்ளி செய்தது தப்பு’ என்றது. கூடவே, வெளியே நடந்தாலும் சக மாணவரைத் துன்புறுத்துவது, ஆசிரியரை மிரட்டுவது போன்றவற்றில் பள்ளி தலையிடலாம் என்றும் சொன்னது.

எனக்கும் கோடு அங்கேதான் விழ வேண்டும் என்று தோன்றுகிறது. இன்னொரு பிள்ளைக்கோ ஆசிரியருக்கோ காயம் படுகிற விஷயமா? வாட்ஸ்அப்பில் நடந்தாலும் வாத்தியார் கேட்கட்டும். பாக்ஸ் கட்டிங்கும் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுமா? அது அப்பா அம்மா பாடு.

சிறுசேரிப் பக்கம் நிலம் வாங்கி விற்றவர்களுக்குப் பவர் பத்திரம் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எதைச் செய்யலாம் என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். எழுதாததைச் செய்தால் செல்லாது. அரை கிரவுண்டு மனைக்கு இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கும் நாம், பெற்ற பிள்ளையை மட்டும் ‘நீங்க பாத்துக்கங்க சார்’ என்று வாய்வார்த்தையில் ஒப்படைத்துவிட்டு வருகிறோம். பிறகு, ‘ஏன் பார்க்கவில்லை’ என்றும் சண்டை, ‘ஏன் பார்த்தாய்’ என்றும் சண்டை!

எழுதிக்கொள்ள இடம் இல்லாமலும் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில், விசிலடிக்கும் பையனைப் பற்றியும் பேசலாமே? முதல் தடவை என்ன, மூன்றாவது தடவை என்ன, வீட்டுக்கு எப்போது சொல்வது, கூப்பிட்டால் அப்பா அரை நாள் லீவு போட்டு வருவாரா... எல்லாவற்றையும் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடட்டும்.

செக்யூரிட்டி நண்பரிடம் இதைச் சொன்னேன். ‘‘லீவு போட்டா சம்பளம் கட்டாயிடுமே சார்’’ என்றார் முதலில். கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘கூட்டம் என்னிக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. நைட் ஷிப்ட் மாத்திக்கறேன்.’’