கயிற்றைக் கழற்றிவிட்டு வரிசைக்கு வா

ஆனி பிறந்து சாரல் பிடித்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் கராத்தே படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களுக்குக் கூடுதலாக ஒரு கவலை வந்துவிடும். அந்த வெள்ளை டிரஸ் காயாது. கனத்த பருத்தித் துணி, அதுவும் இரட்டைத் தையல். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் கழுத்துப் பட்டியிலும் கக்கத்திலும் ஈரம் நிற்கும். ஊரே குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் ஒரு மணி நேரம் வெயில் அடிக்காதா என்று வானத்தைப் பார்ப்பார்கள். கடைசியில் இஸ்திரிப் பெட்டிதான் கைகொடுக்கும். கொஞ்சம் ஈரமாக இருந்தால் பரவாயில்லை, அழுக்காக இருந்தால் மாஸ்டர் வரிசையில் நிற்க விடமாட்டார்.

இத்தனை பாடுபடுத்தும் அந்த உடை கராத்தேயின் பூர்வீகச் சொத்து அல்ல. 1922-இல் ஒகினாவா தீவிலிருந்து தோக்கியோவுக்குச் சென்று கராத்தேயைச் செய்துகாட்டிய கிச்சின் ஃபுனகோஷி ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ அவரைத் தம் கோடோகன் கூடத்துக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். ஜூடோவின் வெள்ளை உடையும் இடுப்புப் பட்டையும் அந்த உறவில்தான் கராத்தேக்கு வந்து சேர்ந்தன. 1924-இல் ஃபுனகோஷி முதன்முதலாகத் தம் மாணவர்களுக்குக் கறுப்பு பெல்ட் தரம் வழங்கினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் எல்லாம் பின்னால் சேர்ந்த வண்ணங்கள். அதற்கும் முன்பே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஃபுனகோஷியின் ஆசானான அங்கோ இதோசு ஒகினாவாவின் பள்ளிகளுக்குள் கராத்தேயைக் கொண்டுபோயிருந்தார். கராத்தே கிளாஸின் வரிசை, எண்ணிக்கை, பரீட்சை, சர்டிபிகேட் எல்லாவற்றிலும் பள்ளிக்கூட வாசனை அடிப்பது இதனால்தான். கொலைக்கலை என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இந்த வாத்தியார் பரம்பரையைச் சொல்வதே இல்லை.

நம் ஊர்களில் கராத்தேக்கென்று தனிக் கட்டடம் இருப்பது அபூர்வம். பள்ளி மைதானம், யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி, முகூர்த்தமில்லாத நாளில் கல்யாண மண்டபம் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நடக்கும். போர்டில் டோஜோ என்று இருக்கும். பிள்ளைகள் வாயில் கிளாஸ்தான். அதே மாதிரி சென்சேய் என்று அச்சடித்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாக, முன்பக்கம் வெளியே பார்த்தபடி நிற்கும். தாறுமாறாகக் கிடந்தால் கழற்றிப் போட்ட பையனை மாஸ்டர் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். மொத்தக் கிளாஸும் பத்து தண்டால் எடுக்கும். அடுத்த நாளிலிருந்து செருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பிள்ளைகளே ஏற்றுக்கொள்வார்கள்.

உள்ளே வந்ததும் வணக்கம். நின்றபடி, கைகளைத் தொடையோடு வைத்து, இடுப்பிலிருந்து குனிவது. கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகிறது என்பது ஃபுனகோஷி வகுத்த இருபது நெறிகளில் முதலாவது. தென்காசி, கடையநல்லூர் பக்கம் எல்லா மதத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். மனிதருக்குக் குனியலாமா என்று தயங்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். விவரம் தெரிந்த மாஸ்டர்கள் இதை வம்பாக்குவதில்லை. சுவரில் மாட்டிய படத்துக்கு வணங்குவதை விட்டுவிட்டு, ஆளுக்கு ஆள் தலை தாழ்த்தினால் போதும் என்பார்கள். என் கணக்கில் முக்கியமானது வேறு. இந்த வணக்கம் ஒருவழிப் பாதை இல்லை. ஏழு வயது வெள்ளை பெல்ட் குனிந்தால் நாற்பது வயது மாஸ்டரும் குனிய வேண்டும். நம் ஊரில் சின்னவன் கும்பிடுவான், பெரியவர் தலையை லேசாக ஆட்டுவார். இங்கே அந்தத் தலையாட்டல் செல்லாது.

தென்காசிக்கு இந்த வணக்கம் அந்நியமானது என்றும் சொல்லிவிட முடியாது. காசி விஸ்வநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன் அங்கே பாட்டாகவே ஒரு கல்வெட்டு வெட்டி வைத்துப் போயிருக்கிறான். பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஏதேனும் குறை வந்தால், அதை நீக்கிக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரை நான் உலகறியப் பணிகிறேன் என்பது அதன் சாரம். இன்னும் பிறக்காத, பேர் தெரியாத, என்ன குலம் என்று கேட்கவும் வழியில்லாத ஒருவருக்கு ஒரு ராஜா முன்கூட்டியே குனிந்திருக்கிறான். பிற்காலத்தில் சிதைந்து நின்ற கோபுரம் 1990-இல் மறுபடி எழுந்தபோது அந்த வணக்கம் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். நெல்லைச் சீமையின் சிலம்பக் கூடங்களிலும் கம்பை எடுத்தவுடன் அடி கிடையாது. முதலில் மண்ணைத் தொட்டு, ஆசானையும் சபையையும் வணங்கும் சலாம் வரிசை, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

வரிசை கட்டும்போதுதான் கராத்தே கிளாஸ் வெளி உலகத்திலிருந்து விலகுகிறது. உயரமோ வயதோ கணக்கில்லை, பெல்ட்தான் கணக்கு. ஒன்பதாவது படிக்கும் பிரவுன் பெல்ட் பெண் முன்னால் நிற்பாள். காலேஜ் முதல் வருடத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் கடைசியில் நிற்பான். அவன் முழங்கால் வளையவில்லை என்று அவள்தான் திருத்துவாள். சின்னப் பெண்ணிடம் அக்கா என்றும் சொல்ல முடியாமல், பேர் சொல்லியும் கூப்பிட முடியாமல் தவிக்கும் அவனுக்கு, வணக்கத்துக்கும் ‘சரி’க்கும் பொதுவான ‘ஓஸ்’ என்ற ஒற்றைச் சத்தம் ரொம்ப வசதி. வெளியே ‘ஏலே’ இல்லாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத பையன்கள் உள்ளே ‘ஏலே’யை வாயில் எடுப்பதில்லை.

வரிசைக்கு முன்னால் இன்னொரு சடங்கு. வாட்ச், மோதிரம், செயின், கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றிப் பையில் போட வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். சொல்லப்படும் காரணம் எளிது: எதிரில் நிற்பவன் முகத்தில் கீறிவிடும், விரல் மாட்டி முறியும். ஆனால் தென்மாவட்டத்தில் கயிற்றைக் கழற்றுவது அவ்வளவு எளிய விஷயம் இல்லை. பையன்களின் மணிக்கட்டில் இருப்பது எல்லாமே கோயில் கயிறு அல்ல. எந்தக் கலர் எந்தச் சாதி என்று அவர்களுக்குத் தெரியும், ஆசிரியர்களுக்கும் தெரியும். 2019-இல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது; அரசியலில் சலசலப்பு வந்ததோடு சரி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கலர் கயிற்றுக்கும் சாதி அடையாளமாகும் நெற்றிக் குறிக்கும் தடை விதிக்கப் பரிந்துரைத்தது.

அரசாங்கமே திணறும் வேலையைக் கராத்தே மாஸ்டர் ஒரு பேச்சும் பேசாமல் செய்கிறார். கயிறு பைக்குள் போகிறது. இடுப்பில் கட்டுவது உழைத்து வாங்கிய கலர். அப்பா யார் என்பதால் பச்சை பெல்ட் கிடைக்காது. இதைப் பெரிதாக ஊதவும் கூடாது. கிளாஸ் முடிந்து சைக்கிள் எடுக்கும் இடத்திலேயே பல கயிறுகள் மறுபடி கைக்கு ஏறிவிடும். மாஸ்டர் எந்தத் தெருக்காரர் என்று விசாரித்துவிட்டுப் பிள்ளையைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். வாரத்தில் சில மணி நேரம் எதிரில் நிற்பவன் மணிக்கட்டைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துப் பழகுகிறார்கள், அவ்வளவுதான்.

மரியாதைக்கு ஒரு மோசமான பக்கமும் உண்டு. மாஸ்டர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்பது தண்டால் எடுப்பதோடு நிற்காமல் டீ வாங்கி வரவும் வண்டி துடைக்கவும் நீளும். இரண்டு மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், அதற்கொரு ஃபீஸ் என்று வந்தால் கேள்வி கேட்கப் பெற்றோரே கூச்சப்படுவார்கள். அதைவிட அபாயமும் உண்டு. 2021-இல் சென்னையில் தற்காப்புக் கலைப் பயிற்சியாளர் ஒருவர் மாணவி கொடுத்த பாலியல் புகாரில் கைதானார். ராணி லட்சுமிபாய் பெயரிலான மத்தியத் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ‘வேண்டாம்’ என்று மாஸ்டரிடமே சொல்லலாம் என்று சொல்லித்தராத பயிற்சியில் குத்தும் உதையும் எதற்கு? காலின் வளைவைத் திருத்தத் தொடுவதற்கு முன் கேட்டுவிட்டுத் தொடுகிறவர், பெற்றோர் உட்கார்ந்து பார்க்க பெஞ்ச் போட்டு வைக்கிறவர், இவர்கள்தான் என் பார்வையில் மரியாதை தெரிந்த மாஸ்டர்கள்.

சினிமா நமக்குக் கொடுத்தது வேறு கராத்தே. ரஜினியோடு மோதிய கராத்தே மணி, ‘பத்ரி’யில் விஜய்க்குப் பயிற்சியாளராக வந்து, 2025 மார்ச்சில் காலமான ஷிஹான் ஹுசைனி என்று அந்த வரிசை நீளம். ஆண்டு விழாவில் ஓடுகளை அடுக்கித் தீ வைத்து உடைப்பதும், வயிற்றின் மேல் பைக் ஏற்றுவதும் அந்தச் சினிமா ஆசையின் மிச்சம். கூட்டம் கைதட்டும். ஆனால் ஓடு திருப்பி வணங்காது. அதனிடம் கற்க அதிகம் இல்லை.

எதிரில் ஆள் நிற்கும்போதுதான் விஷயம் இருக்கிறது. குமிதே என்கிற மோதலில் அடி இலக்குக்குப் போக வேண்டும், ஆளை உடைக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் தோக்கியோ ஒலிம்பிக்கில், 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப் போட்டியில், சவூதி வீரர் தாரிக் ஹமேதி 4-1 என்று முன்னால் இருந்தார். அவர் விட்ட ஒரு உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜ்சாதே கழுத்துப் பக்கம் விழுந்து, அவர் மயங்கிச் சாய்ந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். கட்டுப்பாடு மீறியதாக ஹமேதி தகுதி நீக்கம் செய்யப்பட, மயங்கிக் கிடந்தவருக்குத் தங்கம்! இது நியாயமா என்று உலகம் முழுக்கச் சண்டை. கராத்தே கிளாஸ்களில் சண்டையே வரவில்லை; கட்டுப்பாடு மீறினால் பிள்ளைகள் தினமும் வாங்கும் திட்டு அது. அடுத்து வந்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலும் இல்லை. போதாக்குறைக்கு 2020-இல் உலகக் கூட்டமைப்பு இந்தியச் சங்கத்தின் அங்கீகாரத்தை நிறுத்தி, வேறு அமைப்பு வந்து, எந்தச் சர்டிபிகேட் செல்லும் என்ற கேள்வி இன்னும் பெற்றோர் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெல்ட் டெஸ்டில் இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, நடுவில் நின்று, வணங்கி, கட்டா என்கிற அசைவு வரிசையைச் செய்ய வேண்டும். கட்டாவைப் பிசகில்லாமல் முடித்துவிட்டு, தப்பித்த சந்தோஷத்தில் வணங்காமல் ஓடிவரும் பையனை மறுபடி நடுவில் போய் நிற்கச் சொல்வார்கள். முதலிலிருந்து முழுவதும் செய்ய வேண்டும். பெற்றோர் பெஞ்சிலிருந்து சிரிப்பு வரும். பையனுக்கு வராது.